செம்மண் தூசியில் ஆறரை வருடம்: டீசல், பெற்றோல், ஹைபிரிட்

2019 தை மாதம் இந்த ஹைபிரிட் காரை (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பெரிய பற்றரியும் சேர்ந்தது) வாங்கும்போது 62,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. இன்றைக்கு மீற்றரில் 1,48,000 நிற்கிறது. அதற்கு முன் ஐந்து வருடம் 1000 சிசி பெற்றோல் கார் ஒன்று வைத்திருந்தேன். அதற்கும் முன் அப்பாவின் பழைய டீசல் வான். மூன்றும் ஓடியது ஒரே றோட்டுகளில்தான்: வட்டக்கச்சி வீட்டிலிருந்து கிளிநொச்சி ரவுணுக்கு வேலைக்கு, மாதம் ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் கண் கிளினிக்குக்கு, பெருநாள் திருநாளுக்கு மாங்குளத்தில் திரும்பி மனைவியின் ஊர் ஒட்டுசுட்டானுக்கு. மச்சான் இப்போது வாகனம் எடுக்கப் போகிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய்க் கணக்கு. கொப்பியில் எழுதி வைத்திருப்பதால் நம்பிச் சொல்லலாம். ஏ9 வீதியில் அறுபது எழுபதில் ஒரே சீராகப் போனால் ஹைபிரிட் லீற்றருக்கு 22 கிலோமீற்றர் தருகிறது. என் பழைய பெற்றோல் கார் அதே வீதியில் 16 தந்தது. ரவுணுக்குள் ஹைபிரிட் 20, பெற்றோல் கார் 11. வித்தியாசம் எங்கே பெரிதாகிறது என்று பாருங்கள். பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது. நின்று நின்று போகும் இடத்தில்தான் அதற்கு வேலை. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் காட்டுக்குள்ளே நேராக ஓடும்போது பிரேக்கே தேவைப்படாது, அங்கே லாபம் சுருங்கிவிடும்.

நான் மாதம் 1,100 கிலோமீற்றர் ஓடுகிறேன். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெற்றோல் காரைவிட முப்பது லீற்றர் அளவில் மிச்சம். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 9,000. ஆனால் மாதம் 400 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிற ஆளுக்கு மிச்சம் 3,300தான் வரும். ஹைபிரிட்டுக்குக் கூடக் கொடுக்கிற காசை அதில் மீட்க முடியாது. பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வருகிறவர்கள் நல்ல சின்னப் பெற்றோல் காரை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இனி தூசி. இதைத்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2020 ஆடி மாதம், சோளகக் காற்று தூசியைக் கிளப்பி அடித்துக்கொண்டிருந்தது. புளியங்குளம் தாண்டியதும் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை லைற் எரிந்தது. காரில் அம்மாவும் பிள்ளைகளும். ஏசியைக் கூட்டி வைத்து மெதுவாக வவுனியா வரைக்கும் கொண்டுபோனேன். முதல் போன கராஜில் கம்பியூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, பற்றரி முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டுப் பயந்துபோய்த் திரும்பி வந்தேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் சொல்லி இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன், இளம் பெடியன். அவர் முதலில் பின்சீற்றைக் கழற்றினார். சீற்றின் பக்கத்தில் இருக்கிற சின்ன வலைத் துவாரத்தின் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை ஒரு விசிறி இழுத்துப் பற்றரியைக் குளிர வைக்கிறது. அந்த விசிறியைக் கையில் எடுத்துக் காட்டினார். இதழுக்கு இதழ் செம்மண் அப்பிக் கிடந்தது. நடுவில் தலைமயிர், துணிப் பஞ்சு, கச்சான் கோதுத் துண்டு. முறிகண்டியில் வண்டியை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பிள்ளைகள் கச்சான் உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வருவது பின்சீற்றில்தானே.

"அண்ணை, பற்றரி பழசாகி இல்லை, மூச்சு முட்டித்தான் சூடாகியிருக்கு" என்றார். பழுதான இரண்டு செல்லை மட்டும் மாற்றி, விசிறியைத் தூரிகையால் துப்புரவாக்கிப் பூட்டித் தந்தார். முதல் கராஜில் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை. அன்றிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைத் துப்புரவாக்குகிறேன், கிரவல் றோட்டில் கண்ணாடியைத் திறப்பதில்லை, அந்தத் துவாரத்தின் மேல் பை, உடுப்பு எதுவும் வைக்க விடுவதில்லை. முக்கோணம் பிறகு எரியவே இல்லை.

மாரி வேறு விஷயம். என் காரின் அடிப்பாகம் நிலத்தோடு பதிவானது. பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருப்பதால் வெள்ளத்தில் இறக்கவே கூடாது. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ணால் கண்ட ஆள் நான், கார்த்திகை, மார்கழியில் வட்டக்கச்சிப் பக்கம் தண்ணீர் ஏறினால் காரை வீட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். இரவில் இன்னொரு கவனம் வேண்டும். மோட்டாரில் மட்டும் ஓடும்போது சத்தமே வராது. றோட்டில் படுத்திருக்கும் மாடுகள் அசையாது. லைற்றை அடித்து, ஹோர்ன் அடித்து, அவை எழும்பும் வரைக்கும் நிற்க வேண்டும்.

சரி, டீசல். அப்பாவின் வானை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். நெல்லு மூட்டை, பசளை, தண்ணீர் மோட்டார், கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் ஏற்றியது. பழுதானால் உழவு இயந்திரம் திருத்துகிற யாரும் திருத்துவார்கள், அப்படி ஒருவர் இல்லாத சந்தி வன்னியில் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை அப்படியே புது டீசலுக்குக் கொண்டுபோக முடியாது. புது டீசலில் எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் பீச்சுகிற கொமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போனால் சந்தி மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள வாகனம் என்றால் அது நன்றாகச் சூடானால்தான் கரியை எரிக்கும், தினமும் ஐந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் அடைத்துவிடும்.

விலையும் பழைய விலை இல்லை. 2021 மார்கழியில் பெற்றோல் 177, ஓட்டோ டீசல் 121. 2022 ஆனி முடிவில் பெற்றோல் 470, டீசல் 460. 56 ரூபாயாக இருந்த இடைவெளி ஆறு மாதத்தில் பத்து ரூபாயாகிப் போனது. "டீசல் மலிவு" என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் யாரும் டீசல் எடுக்க வேண்டாம்.

அதே 2022இல்தான் இந்தக் காரின் அருமை எனக்குத் தெரிந்தது. எண்ணெய்த் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எண்ணெய் அடிக்கும் கோட்டா தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த இருபதில் வேலைக்கும் போய், யாழ்ப்பாணத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன், ஒரு கிளினிக்கும் தவறவில்லை. வரிசையில் நின்றபோது அப்பா யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையைச் சொன்னார். ஒரு சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்தப் புகை மணம் எனக்கும் நினைவிருக்கிறது. எது கிடைக்கிறதோ அதில் ஓடப் பழகிய ஊர் இது.

மச்சானுக்கு நான் டீசல் கப் வாகனம்தான் (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப்) சொன்னேன். அவருக்கு வயல் இருக்கிறது, வீட்டுக்குப் போகும் கடைசி நான்கு கிலோமீற்றரும் கிரவல், மாரியில் குளம் மாதிரி. அதிலும் கரி வடிகட்டி இல்லாத பழைய வகையாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய ஹைபிரிட் எடுக்கிறவர்கள் பெயின்ற்றைப் பார்க்கும் முன் பின்சீற்றைக் கழற்றி அந்த விசிறியைப் பாருங்கள். விற்கிறவர் கழற்ற விடவில்லை என்றால் எழும்பி வந்துவிடுங்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 மாசியில் திரும்பத் தொடங்கிவிட்டது, வரியால் விலை இன்னும் எட்டாத உயரம், அதனால் நான் மாற்றப் போவதில்லை. இந்தக் கிழமை விசிறி துப்புரவாக்கும் முறை, தூரிகை டிக்கியில் தயாராக இருக்கிறது.