சென்னை வெயிலுக்கும் மணாலி பனிக்கும் ஒரே பெட்டி: இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வருடக் கடைசி விடுமுறைக்கு மலேசியாவிலிருந்து இந்தியா போகும் நம்மவர்கள் முன்பெல்லாம் சென்னை, மதுரை, பழனி என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இப்போது நிறைய குடும்பங்கள் அப்படியே டெல்லி, மணாலி வரை ஏறிவிடுகின்றன. அங்கேதான் சிக்கல். ஜனவரியில் சென்னைப் பகல் 29 டிகிரி, டெல்லி இரவு 7, 8 டிகிரி, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலியில் ராத்திரி பூஜ்யத்துக்கும் கீழே. வருடம் முழுக்க ஒரே வெப்பத்தில் இருக்கும் கோலாலம்பூர்க்காரர்களிடம் இதற்கு உடுப்பு எங்கே இருக்கப் போகிறது?

எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிடலாம் என்பவர்கள் சொல்வதில் பாதி சரி. உடம்போடு ஒட்டிக் கிடந்து சூடு காக்கும் உள்ளுடையான தெர்மலை இங்கேதான் வாங்க வேண்டும். யூனிக்லோவின் ஹீட்டெக் தெர்மல், டெக்கத்லானின் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற மேலுடை எல்லாம் இங்கே கிடைக்கிறது, போட்டுப் பார்த்து அளவு எடுக்கலாம், பிள்ளைகளுக்கு அது முக்கியம். பருத்தி பனியனை உள்ளே போட்டால் வேர்வையில் ஈரமாகி அதுவே குளிர ஆரம்பித்துவிடும். ஆளுக்கு இரண்டு செட் போதும், பெட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

ஆனால் தடித்த பனி ஜாக்கெட்டும் பூட்ஸும்? வேண்டாம் என்றுதான் சொல்வேன். காசை விடுங்கள், திரும்பி வந்த பிறகு அதை எங்கே வைப்பீர்கள்? நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரிக்குள் ஜாக்கெட்டில் பூஞ்சை பிடிக்கும், பாலியூரித்தேன் அடிப்பாகம் வைத்த பூட்ஸ் சில வருடம் சும்மா கிடந்தாலே உதிர்ந்து கையோடு வரும். ஸ்வெட்டர் மட்டும் வேண்டுமென்றால் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் தேடுங்கள், நல்ல கம்பளியே சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

டெல்லியில் வாங்குவது மலிவு, அதில் சந்தேகமே இல்லை. சரோஜினி நகர், லஜ்பத் நகர் இரண்டிலும் குளிர்காலத்தில் ஸ்வெட்டரும் ஷாலும் குவிந்து கிடக்கும், பேரம் பேசலாம். திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், இரண்டும் விடுமுறை. ஒரு நாள் முழுதாகக் கையில் இருந்தால்தான் இந்த வழி; இறங்கிய அன்றே மணாலி பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒத்துவராது. அதோடு விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரை நடுங்காமல் போக வேண்டுமே, அதற்கு ஒரு ஃபிளீஸ் கைப்பையிலேயே இருக்கட்டும். சாதாரண ஹோட்டல் அறைகளிலும் ஹீட்டர் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் வாடகை. மணாலியிலிருந்து பனி விளையாட்டு நடக்கும் சோலாங் பள்ளத்தாக்குக்குப் போகும் வழி நெடுகக் கடைகள், பனிக்கான முழு அங்கியும் ரப்பர் பூட்ஸும் ஒரு நாளுக்கு எடுக்கலாம். ஒரு நாள் பனியில் விளையாட இதைவிட நல்ல வழி இல்லை. காசு கொடுக்கும் முன்னால் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், பூட்ஸுக்குள் கையை விட்டுப் பாருங்கள், முந்தைய ஆளின் ஈரம் அப்படியே இருக்கும். கம்பளிக் காலுறையும் கையுறையும் நம்முடையதாகவே இருக்கட்டும். டிரைவர் நிறுத்துகிற கடையில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பக்கத்துக் கடையிலும் விசாரியுங்கள். முக்கியமாக, சேலை கட்டும் அம்மாவையும் பாட்டியையும் யோசியுங்கள். அந்த அங்கி ஒரே துண்டாகக் கால்சட்டையோடு வரும், சேலைக்கு மேல் ஏறவே ஏறாது. அன்றைக்கு மட்டும் தெர்மல் மேல் ஒரு சுடிதார் போட முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு தூரம் போய் பனியைத் தொடாமல் வருவது பாவம்.

ஆக, தெர்மல் இங்கே, ஸ்வெட்டர் டெல்லியிலோ பண்டலிலோ, பனிக்கோட்டு வாடகைக்கு, இதுதான் என் தேர்வு. ஷூ மட்டும் வீட்டில் நன்றாகப் பழகியதாக இருக்கட்டும். டிசம்பர் ஆரம்பத்தில் சென்னையில் இறங்குபவர்கள் ஒரு குடையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழை அப்போதும் கொட்டும். ஊட்டியோடு திரும்புகிறவர்களுக்குப் பனிக்கோட்டு தேவையில்லை, ஆனால் ஜனவரி விடியற்காலையில் அங்கேயும் புல்லில் உறைபனி படியும், தெர்மலை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.