கண்பாவைப் பரிசோதனை: டார்ச் போதுமா, பியூப்பிலோமீட்டர் வேண்டுமா?

தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவரின் இமையை உயர்த்திச் செவிலியர் டார்ச் அடித்து, கண்பாவை (கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை) சுருங்குகிறதா என்று பார்க்கும்போது, ஒளியின் தூண்டல் பார்வை நரம்பு வழியாக நடுமூளைக்குச் சென்று மூன்றாம் கபால நரம்பு வழியாகத் திரும்பும் பாதை முழுவதும் சோதிக்கப்படுகிறது. பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால், மூளை வீங்கியோ இரத்தம் கட்டியோ நரம்பை அழுத்தும்போது பெரும்பாலும் அவையே முதலில் பழுதடைகின்றன. அந்தப் பக்கத்துப் பாவை விரிந்து, ஒளிக்கு அசையாமல் நின்றுவிடுகிறது.

இவ்வளவு முக்கியமான அறிகுறியை டார்ச்சால் பார்ப்பவர், "சுருங்குகிறது", "மந்தம்", "அசைவில்லை" என்ற மூன்று சொற்களில் எழுதி முடிக்கிறார். ஒருவருக்கு மந்தமாகத் தெரிவது அடுத்த ஷிப்டில் வருபவருக்கு இயல்பாகத் தெரியலாம். பேட்டரி தேய்ந்திருந்தாலும், அறை வெளிச்சமாக இருந்தாலும் முடிவு மாறும். நம்மில் பெரும்பாலோருக்கு உள்ள கரும்பழுப்பு ஐரிஸில் (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையத்தில்) பாவையின் விளிம்பைப் பிரித்தறிவதே கடினம்.

பியூப்பிலோமீட்டர் ஒரே அளவான ஒளியைப் பாய்ச்சி, அகச்சிவப்புக் கேமராவால் சில நொடிகள் படமெடுத்து, பாவையின் அளவையும் சுருங்கும் வேகத்தையும் எண்களாகத் தருகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு குறியீட்டில் 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, 3-க்குக் கீழே இருந்தால் இயல்பற்றது என்கிறார்கள். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலுவான வலிநீக்கிகள் கொடுக்கப்பட்டு ஊசிமுனையாகச் சுருங்கிய பாவையில் கண்ணுக்குத் தப்பும் சிறு அசைவையும் இக்கருவி பிடித்துவிடும். மணிக்கொரு முறை ஒப்பிட வேண்டிய நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைத் தவிர்ப்பது சரியல்ல என்றே கருதுகிறேன்.

விலையும், நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டிய உதிரிப்பாகமும் அதன் குறைகள். டார்ச்சுக்கென்று தனி வலிமையும் உண்டு: ஒளியை இரு கண்களுக்கும் மாறி மாறிக் காட்டும்போது, பார்வை நரம்பு பழுதான கண்ணின் பாவை சுருங்குவதற்குப் பதிலாக விரிவதை யாரும் நேரில் காணலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், விளக்கைக் குறைத்து, அளவை மில்லிமீட்டரில் எழுதும் பழக்கம் இருந்தால் டார்ச்சே பெரும் உதவி.

இரண்டாலும் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பாவைகள் சற்றே சமமற்று இருக்கும். அந்த வேறுபாடு புதியதா, பிறந்ததிலிருந்தே உள்ளதா என்றறிய, மருத்துவர்கள் உறவினரிடம் நோயாளியின் பழைய புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.