மாதப் பெட்டியா, கோவை வகுப்பா, வீட்டு மேசையா? கோத்தகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

கோத்தகிரியில் எங்கள் 12 வயது மகனும் 9 வயது மகளும் மூன்றாண்டுகளாக வீட்டிலேயே படித்து வருகிறார்கள். வாசிப்பும் கணக்கும் தடையின்றி நடந்தன. அறிவியலைக் கையால் செய்து கற்கும் இடத்தில்தான் தடுமாறினோம். அதற்கென மூன்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். மாதந்தோறும் கூரியரில் வரும் செய்முறைப் பெட்டியை எட்டு மாதங்கள் வரவழைத்தோம். கோவையில் நடக்கும் சனிக்கிழமை ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு ஒரு பருவம் அனுப்பினோம். கடைசியாக மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மேசையைப் போட்டு, கருவிகளையும் உதிரி பாகங்களையும் வாங்கி வைத்தோம். இப்போது எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த மேசைதான் என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. வகுப்பில் கட்டணத்தைவிடப் போக்குவரத்து கூடுதலாகப் பிடித்தது. மேசைக்கு முதலில் ஒரு தொகை மொத்தமாகப் போய், பிறகு சில்லறையாகப் போய்க்கொண்டிருக்கிறது. பெற்றோரின் நேரத்தைப் பெட்டி குறைவாகவும் மேசை மிக அதிகமாகவும் கேட்கும் என்பது யாரும் ஊகிக்கக்கூடியதே.

பெட்டியை நான் குறை சொல்லத் தொடங்குமுன் அதன் நன்மையையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பிரிக்கும் நாள் வீட்டில் திருநாளாக இருந்தது. எல்லாப் பாகங்களும் அளவாக வெட்டப்பட்டு, எண்ணிடப்பட்டு வந்ததால், ஒரு மதிய நேரத்துக்குள் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி இயக்கும் கிரேன் ஒன்று எழுந்து நின்றது. ஆனால் அதன் கையேடு சமவெளிக்காரர்களுக்காக எழுதப்பட்டது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று அதில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் வெப்பமானியை வைத்த மகள், அது 94ஐத் தாண்டாததைக் கண்டு வெப்பமானி கெட்டுவிட்டது என்றாள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறைகிறது என்ற நல்ல பாடம் எங்களுக்குக் கிடைத்தது உண்மை. அது பெட்டி தந்ததன்று, மலை தந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் அல்ல. ஒரு பாகம் உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்விதான். கிரேனின் கையைத் திருப்பும் பற்சக்கரத்தில் மூன்றாம் வாரமே இரண்டு பற்கள் போய்விட்டன. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மகன் அதை எடுத்துக்கொண்டு போனான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பல்லு போனது பல்லோட குத்தமில்ல கண்ணு, அச்சு ஆடுது பாரு” என்றார். அச்சு நுழையும் துளை அகன்றுபோய், சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியிருக்கிறது. காரணம் தெரிந்தும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் துளையின் அளவு அந்தப் பெட்டிக்கே உரியது. கடையில் கிடைக்கும் எந்த அச்சும் அதில் பொருந்தாது. அனுப்பிய நிறுவனத்திடம் கேட்டதற்கு, உதிரியாகத் தருவதில்லை, முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது.

வகுப்பில் இந்தக் கேள்வியே எழவில்லை, ஏனெனில் அங்கே எதுவும் பிள்ளைகளுடையதன்று. செய்த வண்டியை மாலையில் பிரித்து, பாகங்களை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். அங்கே உடைந்தால் ஆசிரியர் வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். அது ஏன் உடைந்தது என்று பார்க்க நேரம் இராது. மற்றபடி வகுப்பில் தன் வயதுப் பிள்ளைகளோடு வாதாடிச் செய்யும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக எங்கள் மேசை எதையும் தருவதில்லை. வகுப்பு முடிந்த ஒரு பிற்பகலில் அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததும் கோவைப் பயணத்தின் பலன்களில் ஒன்று. ஆனால் விடியுமுன் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் மகள் வாந்தியெடுக்க, ஐப்பசி மழையில் சாலையில் மரம் விழுந்தால் பாதி வழியில் திரும்ப நேரும் ஏற்பாட்டை ஒரு பருவத்துக்குமேல் எங்களால் தாங்க முடியவில்லை.

மேசைக்குப் பாகங்கள் வாங்கும்போது ஒரே விதியை வைத்துக்கொண்டோம்: நாளை அதே அளவில் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் பி.ஓ. எனப்படும் மஞ்சள் நிறச் சிறு மோட்டாரின் அச்சு இருபுறமும் தட்டையாகச் சீவப்பட்டது. அதற்குப் பொருந்தும் சக்கரம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாகவே கிடைக்கும். பழைய சாமான் கடையில் போல்ட்டால் இணைத்துப் பொம்மைகள் செய்யும் மெக்கானோ வகையைச் சேர்ந்த, துளையிட்ட இரும்புப் பட்டைகள் கிடைத்தன. ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற அந்த முறையில் துளைகளுக்கிடையே அரை அங்குலம் என்ற கணக்கு இன்றும் மாறாததால், எந்தக் காலத்துப் பட்டையும் மற்றொன்றோடு சேரும். போல்ட் தொலைந்தால் ஹார்டுவேர் கடையின் 4 மி.மீ. போல்ட்டே போதும். மோட்டார், விளக்கு போன்றவற்றை நிரல் எழுதி இயக்க உதவும் அர்டுயினோ உனோ என்ற சிறு மின்னணுப் பலகையிலும், அதன் மூளையான சிப் கழற்றி மாற்றக்கூடிய சாக்கெட்டில் அமர்ந்திருக்கும் வகையையே தேடி வாங்கினேன். 5 வோல்ட் முனையில் மகன் 9 வோல்ட் பேட்டரியைச் செருகிச் சிப்பைக் கருக்கியபோது, பூட்லோடர் (நாம் எழுதும் நிரலைச் சிப் ஏற்றுக்கொள்ள உதவும் சிறு நிரல்) ஏற்றிய புதுச் சிப்பை வாங்கி, பழையதை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டுப் பொருத்தினோம். பலகை இன்றும் வேலை செய்கிறது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் அதிகம் கற்றது காசில்லாத பாகத்திலிருந்துதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, நடுவில் பதித்த பற்களுள்ள பல்தண்டவாளத்தை எஞ்சினின் பற்சக்கரத்தால் பற்றி ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் 12க்கு 1. அதை மேசையில் செய்து பார்க்க, 60 செ.மீ. பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தி, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக்கிய வண்டியில் ஜல்லி நிரப்பிய தீப்பெட்டிகளை இழுக்க விட்டார்கள். மூடிகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. மளிகைக் கடை அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். மகள் அதையே பல்தண்டவாளமாகப் பலகையில் ஒட்டி, இன்னொரு துண்டை மூடியைச் சுற்றியும் ஒட்டினாள். வண்டி ஏறியது, ஆனால் அவ்வப்போது பல் தாவி நழுவியது. குன்னூர் நிலையத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபோதுதான், அங்கே இருப்பது ஒன்றல்ல, அருகருகே இரண்டு பல்வரிசைகள் என்பதும், ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை தள்ளி வைக்கப்பட்டிருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. இது ஆப்ட் முறை. ஒரு பல் விடுபடும்போது இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டாவது அட்டை வரிசையை அரைப் பல் தள்ளி ஒட்டினாள். அடுத்த மழையில் அட்டை ஊறித் தொய்ந்துவிட்டது. அதற்கென்ன, கடைக்காரர் இன்னொரு பெட்டி கொடுத்தார்.

மேசைக்கும் பராமரிப்பு உண்டு, அதுவும் இந்த ஊரில் கொஞ்சநஞ்சமன்று. மூடுபனி மாதங்களில் இடுக்கி துருவேறுகிறது, பூதக்கண்ணாடியில் பூஞ்சை படர்கிறது, ஃபெவிக்கால் காய ஒரு நாள் ஆகிறது. மூடியுள்ள டப்பாக்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, கருவிகளில் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்ததால் தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறிவிட்டேன். பொம்மையிலேயே விட்டுவைத்த பேட்டரி கசிந்து ஒரு சுவிட்சை அரித்ததும் நடந்தது. உலோகக் கம்பியை உருக்கி ஒயர்களை இணைக்கும் சால்டரிங் செய்யும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்; ஈயம் கலந்த கம்பி என்பதால் பிறகு கைகழுவாமல் யாரும் பலகாரத்தைத் தொடக்கூடாது.

எனக்கு அனுபவம் குறைவான இடங்களும் உள்ளன. வேதியியலை மேசையில் வினிகர், சோடா உப்புக்கு மேல் கொண்டுபோகவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது, அதன் செய்முறைத் தேர்வுக்கு இந்த மேசை எவ்வளவு உதவும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, பெட்டியே நடைமுறைக்கு ஒத்துவரலாம். வாங்குமுன் உதிரி பாகங்கள் தனியே கிடைக்குமா என்று மட்டும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ வசிப்பவராக இருந்தால் வகுப்பைப் பற்றி நானே வேறு விதமாக எழுதியிருப்பேன்.

எட்டுப் பெட்டிகளில் மிஞ்சியவை இப்போது மேசையின் டப்பாக்களில் கலந்துவிட்டன. சிரிஞ்சுகள் பசை ஊற்றப் பயன்படுகின்றன. பல் போன அந்தச் சக்கரத்தின் மீதிப் பற்களையும் மகள் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, விளிம்பில் பள்ளம் வெட்டி, நூல் ஓடும் கப்பியாக்கி வைத்திருக்கிறாள்.