டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காசுக் கணக்கு: மலைக்கு ஏறுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆட்டம். ஊட்டி, கோத்தகிரி பக்கம் அதை நடத்துகிறவர்களுக்குக் கதை நடக்கும் உலகமும் நீலகிரி மாதிரி மலை நாடாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். வரைபடம் சுலபமாக வந்துவிடும், காசுதான் இடிக்கும். ஆட்டத்தின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில் உள்ள நாணய முறையை அப்படியே மலையில் இறக்கினால் எது தேறும், எது தேறாது என்று பார்க்கலாம்.

தேறுவது பத்தின் மடங்கு. 10 செம்புக்கு ஒரு வெள்ளி, 10 வெள்ளிக்கு ஒரு தங்கம், 10 தங்கத்துக்கு ஒரு பிளாட்டினம். புதிதாக வந்து உட்காருபவருக்கும் உடனே பிடிபடும். நடுவில் 5 வெள்ளி மதிப்பில் எலெக்ட்ரம் என்று ஒன்று உண்டு. தூக்கிவிடுங்கள், யாரும் தேடமாட்டார்கள்.

எடையில்தான் சறுக்கல். எந்த உலோகமானாலும் 50 காசு ஒரு பவுண்டு எடை என்பது விதி. அப்படியானால் ஒரு காசு சுமார் 9 கிராம், நம் சவரனைவிடக் கனம். விலைப்பட்டியலில் ஆடு 1 தங்கம். சவரனுக்கு மேல் கொடுத்து யார் ஆடு வாங்குவார்? உடல் முழுவதும் மூடும் இரும்புத் தகட்டுக் கவசமான பிளேட் கவசம் 1,500 தங்கம். அந்தக் காசே 30 பவுண்டு, முதுகுப்பை கொள்வதும் அவ்வளவுதான். தென்னிந்தியாவின் பழைய தங்கக் காசான வராகன் சுமார் 3.4 கிராம். தங்கக் காசை மட்டும் அந்த அளவுக்கு இறக்கி, பவுண்டுக்கு 130 என்று வைத்தால் கவசத்தின் விலை பன்னிரண்டு பவுண்டுக்குள் அடங்கும். செம்பும் வெள்ளியும் 50-லேயே இருக்கட்டும். சில்லறை சுமையாக இருப்பதுதான் நியாயம்.

மண்வாசனைக்காக மதராஸின் பழைய கணக்கை, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பதை, முழுசாக இறக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். இரண்டாவது கடையிலேயே எல்லோரும் கால்குலேட்டரைத் தேடுவார்கள். அந்தச் சிக்கலைக் காசு மாற்றித் தரும் சராப்பு கடையோடு நிறுத்துங்கள்: கீழ்நாட்டு அரசரின் காசு மேலே வந்தால் சராப்பு பத்துக்கு ஒன்று வட்டம் (கழிவு) பிடிப்பார், அவ்வளவே.

விலைப்பட்டியலின் பெரிய ஓட்டை, அதற்கு மலைப்பாதை தெரியாது என்பது. அதன் எண்களை வைத்தே கணக்குப் போடலாம். கோவேறு கழுதை 420 பவுண்டு சுமக்கும். ஏற இரண்டு நாள், இறங்க இரண்டு நாள் என்றால் ஆளுக்கு நாளுக்கு 2 வெள்ளி, தீவனம் 5 செம்பு. மொத்தம் 100 செம்பு. பவுண்டுக்குக் கால் செம்பு ஏறும். பவுண்டு 5 செம்பு விற்கும் உப்புக்கு அது பெரிதில்லை. பவுண்டு 1 செம்பு விற்கும் கோதுமைக்கோ கிட்டத்தட்ட கால் பங்கு விலையேற்றம். எனவே மலையில் விலை ஏற வேண்டியது தானியம்; உப்பு விலையை ஏற்ற வேண்டுமானால் அடிவாரத்தில் சுங்கச்சாவடி வையுங்கள். மிளகு பவுண்டுக்கு 2 தங்கம், கூலியாளின் பத்து நாள் சம்பளம். அது காய்க்கும் சரிவிலேயே இந்த விலை சொன்னால் சிரிப்பார்கள், பாதியாக்குங்கள். ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்தால் தானிய விலையை இரட்டிப்பாக்கலாம். குன்னூர் மலைப்பாதையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இந்த முறையில் சுத்தமாக இல்லாதது, காசே இல்லாத பரிமாற்றம். நீலகிரியின் பழங்குடிகளும் படகரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்: தோடரின் நெய், கோத்தரின் இரும்புக் கருவியும் பானையும், படகரின் தானியம், குறும்பரின் தேன் எனத் தலைமுறையாகக் குடும்பத்துக்குக் குடும்பம் கைமாறி வந்த மலை இது. இதை விதியாக்குவது எளிது: சந்தையில் மட்டும் காசு செல்லும், ஊருக்குள் பொருளோ உழைப்போ தந்தால்தான் கொல்லர் கோடாரி தருவார். 200 தங்கத்தோடு வந்து நிற்கும் வீரர் வேலி கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: எந்தக் குடும்பம் எதைத் தரும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பேரமும் அரைமணி நேரம் தின்னும்.

விலைப்பட்டியல் அடங்கிய, ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1 (SRD 5.1), 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, மலை விலைகளோடு தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து மேசையில் வைத்துக்கொள்ளலாம்.