ராத்திரி வால்யூம்ல ரெண்டு ஆம்ப்: பெருசா, சின்னதா?

நேத்து சாயங்காலம்தான் என் பெரிய ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டற ஆம்ப்ளிஃபையர்) ரிப்பேர் முடிஞ்சு வீட்டுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின நாள் சென்னையில இருக்க என் பழைய ரூம்மேட் போன் பண்ணி "மச்சி நீதான் ரெண்டும் வச்சிருக்கியே, எது சவுண்டு நல்லாருக்கும், தீபாவளிக்குள்ள வாங்கணும்"னு கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சுது, அதான் உக்காந்து எழுதறேன்.

பெருசு 2014ல வாங்கினது, இன்டகிரேட்டட் (எல்லாம் ஒரே பெட்டியில), கிளாஸ் ஏபி (பழைய பாணி, சூடாகற டிசைன்), சேனலுக்கு 60 வாட். சின்னது 2021ல வாங்கினது, டிபிஏ3255 சிப் போட்ட கிளாஸ் டி (சூடு கம்மியான டிசைன்), டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர், 6 ஓம் புக்‌ஷெல்ஃப். கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் திட்டப்போற விஷயம் எந்த கம்பெனி ஆம்ப்லயும் வரக்கூடியதுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் பாட்டு கேக்கறது ராத்திரி பத்து மணிக்கு மேலதான். பக்கத்து ரூம்ல அம்மா தூங்கிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல நான் வைக்கற வால்யூம்ல ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டர் வச்சுப் பாத்தா 0.15 வோல்ட் காட்டுது, 6 ஓம்ல அது 4 மில்லிவாட் கூட கிடையாது. ஒரு வாட்டுல ஆயிரத்துல நாலு பங்கு! இதுக்குத்தான் எல்லாரும் 60 வாட்டா 100 வாட்டான்னு மண்டையை உடைச்சுக்கறோம். 60லேர்ந்து 100க்குப் போனா கிடைக்கறது ரெண்டு டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) சொச்சம், அவ்வளவுதான். 1978ல வந்த நேட் 3020ங்கற ஆம்ப் வெறும் 20 வாட், அதை இன்னைக்கும் தேடி வாங்கறவங்க இருக்காங்க.

இப்ப என் வயித்தெரிச்சல். ரெண்டு வருஷமா பெருசுல ராத்திரி வால்யூம்ல வலது சேனல் காணாம போகும். முழுசா போனா கூட உடனே தெரிஞ்சிடும், இது அப்படி இல்ல, கச்சேரி ரெக்கார்டிங் போட்டா வலது பக்கம் உக்காந்திருக்க வயலின் கொஞ்சம் கொஞ்சமா மங்கி, பாடறவர் நடுவுலேர்ந்து இடது பக்கம் நகந்து, கடைசியில மிருதங்கத்துக்காரர் மடியில உக்காந்த மாதிரி ஆயிடும். எழுந்துபோய் வால்யூமைத் தூக்கினா டப்னு எல்லாரும் அவங்கவங்க இடத்துக்கு வந்துடுவாங்க, திரும்ப குறைச்சா பத்து நிமிஷம் நல்லா இருக்கும், அப்புறம் மறுபடி போயிடும். ஆலாபனை நடுவுல இது நடக்கும்போது வர்ற கோவத்தை எப்படி சொல்றதுன்னு தெரியல. மூணு மாசம் என் காதுல பிரச்சனைன்னே நினைச்சேன், டாக்டர்கிட்ட கூட போய்ட்டு வந்தேன்.

சர்வீஸ் சென்டர்ல பாத்துட்டு போர்டு மாத்தணும் 6,800 ஆகும்னாங்க. முடியாதுன்னு தூக்கிட்டு வந்து இங்க திருச்சியில பழைய மெக்கானிக் அண்ணன் ஒருத்தர்கிட்ட குடுத்தேன், ஒரு காலத்துல 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு டீக்கடைக்கெல்லாம் செட் அசெம்பிள் பண்ணிக் குடுத்தவர். அவர் மூடியைக் கூட கழட்டல. "ஆன் பண்ணா நாலு செகண்டு கழிச்சு டொக்குனு ஒரு சத்தம் வருதுல்ல தம்பி, அந்த ரிலேதான்"னாரு. ஆம்ப்ல ஏதாவது கெட்டு டிசி (ஒரே திசையில ஓடற கரன்ட்) வெளிய வந்தா ஸ்பீக்கர் கருகாம இருக்க, லைனைத் துண்டிக்கற ஆட்டோமேட்டிக் சுவிட்ச்தான் அந்த ரிலே. பாட்டோட சிக்னல் மொத்தமும் அந்த ரிலேயோட கன்டாக்ட் வழியாத்தான் போகுது. வருஷக்கணக்குல அதுல கறுப்பா ஒரு படலம் பிடிச்சுக்கும், வால்யூம் ஜாஸ்தியா வச்சா கரன்ட் அந்தப் படலத்தை உடைச்சுக்கிட்டுப் போயிடும், என்னை மாதிரி மெதுவா கேக்கறவனுக்கு உடைக்கற அளவுக்கு கரன்டே இருக்காது. சத்தமா கேக்கறவன் இதே ஆம்பை இன்னும் பத்து வருஷம் ஒண்ணும் தெரியாமலே ஓட்டியிருப்பான்.

முதல் தடவை கன்டாக்டை கிளீன் மட்டும் பண்ணிக் குடுத்தாரு, ஆறே மாசத்துல திரும்ப வந்துடுச்சு. (யாரும் எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, மேல இருக்க பூச்சு போயிடும், அப்புறம் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.) இந்தத் தடவை ரூம்மேட்தான் ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே நம்பர் ரிலே தேடி வாங்கி அனுப்பினான், நூறு ரூபா சொச்சம். 6,800 எங்க, நூறு எங்க!

ஆம்ப் அங்க இருந்த மாசமெல்லாம் சின்னதுதான் ஓடுச்சு. நியாயமா சொல்லணும்னா அது ஒரு நாள் கூட என்னைக் கைவிட்டதில்ல. சூடு ஆகாது, சித்திரை மாசத்துல கூட கை வச்சா வெதுவெதுன்னுதான் இருக்கும். பெருசை இன்வர்ட்டர்ல ஓட்டினா ட்ரான்ஸ்ஃபார்மர் கொர்ர்னு உறுமும், சின்னதுல அந்தப் பேச்சே இல்ல. விலை பெருசுல நாலுல ஒரு பங்கு.

சவுண்டு? ஆரம்பத்துல சின்னதுதான் பளிச்சுனு, தெளிவா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை 200 ஹெர்ட்ஸ் டோன் போட்டு மீட்டர் வச்சுப் பாத்தா, நான் சமம்னு நினைச்ச வால்யூம்ல பெருசு 1.0 வோல்ட், சின்னது 1.2. ஒன்றரை டிபி கூட. அந்த ஒன்றரை டிபியைத்தான் தெளிவுன்னு சொல்லியிருக்கேன். ரெண்டையும் 1.00க்கு கொண்டு வந்து, தங்கச்சி பையனை வயர் மாத்தி மாத்திக் குடுக்கச் சொல்லி, நான் திரும்பி உக்காந்து பத்து தடவை கேட்டேன், ஆறு சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். 1985லயே பாப் கார்வர்ங்கற ஆம்ப் டிசைனர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்ககிட்ட சவால் விட்டு, பல மடங்கு விலை ஆம்போட சவுண்டைத் தன் ஆம்ப்ல கொண்டு வந்து காட்டினாரு, அவங்களாலயே பிரிச்சு சொல்ல முடியலையே. இதை நீங்க பண்ணிப் பாக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி கிளாஸ் டி ஆம்ப்ல ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டு கிடையாது, ரெண்டு ஆம்போட மைனஸையும் ஒண்ணா சேக்கற சுவிட்ச் பாக்ஸ் போட்டா சிப் காலி.

ஆனா அது 1 வோல்ட்ல. 0.15 வோல்ட்ல கதையே வேற. சத்தம் குறையும்போது நம்ம காது பேஸைத்தான் முதல்ல விடும், ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் லேப்ஸ்ல 1933லயே இதை அளந்து வச்சுட்டாங்க. ராத்திரி கேக்கும்போது மிருதங்கத்துல வலந்தலை (வலது பக்கம்) மட்டும் டிக் டிக்னு கேக்கும், தொப்பி (கனமா ஒலிக்கற இடது பக்கம்) காணாம போயிடும், தம்புரா வெறும் கொசு சத்தம். பெருசுல லவுட்னஸ் பட்டன் இருக்கு. அதை அமுக்கினா தொப்பியோட அந்த கும்கி, அந்த இழுவை, அப்படியே வந்து உக்காரும், அம்மா தூக்கமும் கலையாது. பதினோரு வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு இது சந்தோஷம்தான். பகல்ல சத்தமா வைக்கும்போது அதே பட்டன் ஒண்ணுமே பண்ணாது, வால்யூம் நாப் எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு வேலை செய்யும், அப்படித்தான் டிசைன்.

சின்னதுல லவுட்னஸ் இல்ல. பேஸ் நாப் இருக்கு, அதைத் திருப்பினா ஆம்பளைங்க குரலும் சேந்து கனத்துடும். அதோட இதுல வால்யூம் நாப் அடியில இருக்கும்போது ரெண்டு சேனலும் சமமா ஏறாது, இடது கொஞ்சம் முந்தும். டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு சிக்னலா மாத்திக் குடுக்கற பெட்டி) 2 வோல்ட் அனுப்புது, அதனால ராத்திரிக்கு நாப் அந்த அடிப்பகுதியிலயேதான் நிக்கணும். டிஏசில 15 டிபி குறைச்சு நாப்பை மேல கொண்டு வந்துதான் சமாளிச்சேன், அது உண்மையிலேயே நல்லா வேலை செய்யுது.

ஆக மச்சி, கணக்குப் போட்டா சின்னதுதான் ஜெயிக்குது. நான் ஒரு மணி நேரம் போன்ல சொன்னதும் அதைத்தான். ஆனா நேத்து ராத்திரி ரிலே மாத்தின பெருசை மாட்டி, லவுட்னஸ் அமுக்கி, தனி ஆவர்த்தனம் ஒண்ணு முழுசா கேட்டேன், தொப்பி இருந்துச்சு, வயலின் வலது பக்கம் அசையாம இருந்துச்சு, மணி ஒண்ணரை ஆனதே தெரியல. நீ லவுட்னஸ் இருக்கறதாப் பாத்தே வாங்கு. சின்னதைத் தங்கச்சி பையன் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போறான்.

கடையில கண்டிப்பா சத்தமாத்தான் போட்டுக் காட்டுவாங்க. நீ குறைக்கச் சொல்லு, பக்கத்துல நிக்கறவர் பேச்சை விடக் குறைவா, அங்க பாட்டு நடுவுல நிக்குதா, தொப்பி கேக்குதான்னு பாரு. அப்படியே ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா எனக்கு அதே நம்பர்ல இன்னும் ரெண்டு ரிலே வாங்கி வை.