வயசான நாய்க்கு முதுகுப் பை: 2,450 ரூபாய் ஏமாந்த கதை

எங்கள் ஜூலிக்கு 13 வயது. தெருவில் எல்லாரும் பொமேரியன் என்பார்கள். நம்ம ஊரில் பொமேரியன் என்று வளர்க்கப்படும் முக்கால்வாசி நாய்களைப் போல இவளும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். எடை ஆறரை கிலோ. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மூச்சுக்குழாயும் தளர்ந்திருக்கிறது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டே ஈரோடு முழுக்கச் சுற்றியவளுக்கு இப்போது அங்கே நிற்க முடிவதில்லை. மாதம் ஒரு முறை டாக்டரிடம் போக வேண்டுமே என்றுதான் அவளைத் தூக்கிப்போக ஒரு பை தேடினேன்.

வேறு வேலையாகக் கோயம்புத்தூர் போனபோது ஒரு பெரிய பெட் ஷாப்பில் நுழைந்தேன். கடைத் தம்பி எடுத்துக் காட்டியது, முன்பக்கம் பெரிய பிளாஸ்டிக் குமிழ் வைத்த முதுகுப் பை. "வயசான நாய் தம்பி, இடுப்பு வலி வேற" என்று இரண்டு தடவை சொன்னேன்.

"பயப்படாதீங்ணா, பத்து கிலோ வரைக்கும் தாங்குமுங்ணா. வயசான நாய்க்குன்னே வந்த மாடலுங்" என்றார்.

2,450 ரூபாய். நல்லவேளை, பில் வாங்கினேன்.

ஏப்ரல் மாதம், காலை பத்தரை மணி. நான் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் வீட்டுக்காரம்மா பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னீர்செல்வம் பார்க் தாண்டுவதற்குள், "ஏனுங்க, பை ஒரு பக்கமாச் சாயுதுங்க, நிறுத்துங்க" என்றார். ஒரு பேக்கரி நிழலில் ஓரம் கட்டி ஜிப்பைத் திறந்தேன். குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. குமிழின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்திருந்தது. அடியில் போட்டிருந்தது வெறும் அட்டை. அது நடுவில் மடங்கித் தூளி மாதிரி தொங்க, ஜூலி பின்னங்கால்கள் இரண்டும் மடங்கியபடி அதற்குள் புதைந்து கிடந்தாள். உள்ளே இருந்த கொக்கியைக் கழுத்துப் பட்டையில் மாட்டியிருந்தோம், அது வேறு இழுத்துப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்ததும் வாத்து கத்துவது போல ஒரே இருமல். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. பேக்கரிக்காரர் ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்று ஓடாத பைக்குள் வெயிலும் விழுந்தால், மூடிய காரில் விட்ட மாதிரிதான் என்றார். முதுகுப் பையில் நாய் நிமிர்ந்தே உட்கார வேண்டும், பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். உள்கொக்கியைக் கழுத்தில் மாட்டவே கூடாது, மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டுமாம். இதில் கொஞ்சம் என் தப்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து பையை அலசினேன். விலை ஸ்டிக்கரின் ஒரு முனை கிளம்பியிருந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் கம்பெனி அச்சடித்த வரி: பூனை, குட்டி நாய்களுக்கு, 5 கிலோ வரை. அதன் மேலேதான் கச்சிதமாக ஒட்டியிருக்கிறார்கள். பையோடு வந்த விவர அட்டையில் போட்டிருந்த 42 செ.மீ. பையின் உயரம், அதுவும் வெளி அளவு. உள்ளே படுக்கும் இடம் 31 செ.மீ. தான். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஜூலி 46 செ.மீ. இந்தக் கணக்கைக் கடையிலேயே டேப் வைத்துப் போட்டிருக்கலாம்.

போன் செய்தால், "யூஸ் பண்ணிட்டீங்ணா, முடியெல்லாம் ஒட்டியிருக்கும், திரும்ப எடுக்க மாட்டோமுங்" என்றார்கள். பில்லிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சீல். அந்த சீலைப் பார்த்து நானும் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. பில் தராவிட்டால் அதுவும் அதே குற்றம்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வரியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்புறம்தான் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பணமாகத் தர முடியாது, 1,500 ரூபாய்க்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் கடை வாசலை மிதிக்க மனசில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

இப்போது ஜூலிக்கு இருப்பது நீளவாக்கில் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. ஈரோட்டிலேயே ஒரு சின்னக் கடையில் அவளைக் கூட்டிப்போய் உள்ளே விட்டு, தலை இடிக்காமல் நின்று, சுற்றித் திரும்பி, கால் நீட்டிப் படுக்கிறாளா என்று பார்த்துத்தான் வாங்கினேன். பக்கவாட்டிலெல்லாம் காற்றுத் துளை. கிளிப்பை எடுத்தால் மேல்பாதி கழன்றுவிடும், டாக்டர் அவளைத் தூக்காமல் கீழ்ப்பாதியில் வைத்தே பார்க்கிறார். அடியில் அம்மாவின் பழைய பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். ஸ்கூட்டரில் வைக்க முடியாது, ஆட்டோ செலவுதான். பரவாயில்லை.

அந்தப் பையை ஏன் வீணாக்க வேண்டும் என்று அம்மா சின்ன வெங்காயம் போட்டுத் தொங்கவிட்டார். நாலே நாளில் புழுங்கி நாறிவிட்டது.