பேத்திக்கு பேஸ்பால்: பிராங்ஸா, பிரிட்ஜ்வாட்டரா, வீட்டு சோபாவா?

நியூ ஜெர்சியின் சோமர்செட் பக்கம் குடியிருந்துகொண்டு, பேரக்குழந்தைக்கு பேஸ்பால் பைத்தியத்தைத் தொற்றவைக்க நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. நியூயார்க் பிராங்ஸில் உள்ள யாங்கீ ஸ்டேடியம் ஒன்று. வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கும் அதே பிரிட்ஜ்வாட்டரில் யாங்கீஸின் கீழ்நிலை அணியான சோமர்செட் பேட்ரியாட்ஸ் ஆடும் சின்ன மைதானம் இன்னொன்று. மூன்றாவது வீட்டுத் தொலைக்காட்சி. ஆறு வயதுப் பேத்தியோடு மூன்றையும் பார்த்தாயிற்று. என் ஓட்டு பிரிட்ஜ்வாட்டருக்கு.

பெரிய மைதானத்தின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. 27 முறை உலகத் தொடர் பட்டத்தை வென்ற யாங்கீஸ் அணி, அதன் பழம்பெரும் ஆட்டக்காரர்களான பேப் ரூத்துக்கும் லூ கெரிக்குக்கும் நினைவுச் சின்னங்கள், 40,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம். ஏற்கெனவே ஆட்டத்தை நேசிப்பவருக்கு அங்கே கால் வைத்தாலே புல்லரிக்கும். ஆனால் நம் பைக்கு எட்டுகிற டிக்கெட் மேல் அடுக்கில்தான் கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு இடையே காவல் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒரு வெள்ளைப் புள்ளி.

தொலைக்காட்சியை முழுக்க ஒதுக்கவும் மாட்டேன். பந்து அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்ததா (ஸ்ட்ரைக்), வெளியே போனதா (பால்) என்று திரையிலேயே கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். விதி கற்றுக்கொடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. குறை என்னவென்றால், பந்தெறியும் பிட்சரும் மட்டை பிடிக்கும் பேட்டரும் மட்டும்தான் எப்போதும் கண்ணில் படுகிறார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் கணத்தில் உள்வட்டக்காரர்கள் நால்வரும் முன்னங்கால் விரலில் எம்பி நிற்பதைத் தொலைக்காட்சி காட்டுவதே இல்லை. அந்த எம்பல்தான் எனக்கு ஆட்டத்தின் உயிர். போதாக்குறைக்கு, வீட்டில் ரிமோட் அவள் கையில் இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: பாதி ஆட்டத்தில் எழுந்து வர முடிகிறதா?

2022இல் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் ஆட்டம் சராசரியாக 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியது. 2023இல் பிட்சர் பந்தெறிய நேரக்கெடு விதிக்கும் கடிகாரம் வைத்தபின் 2 மணி 40 நிமிடம் அளவுக்கு இறங்கியது. பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆறு வயதுக்கு அதுவும் நீளம்தான். ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது தாண்டினால் நெளிய ஆரம்பித்துவிடுவாள். பிராங்ஸ் போக பிரிட்ஜ்வாட்டரில் ரயிலேறி, நூவார்க்கில் மாறி, பென் ஸ்டேஷனில் இறங்கி, ஹெரால்ட் சதுக்கம் வரை நடந்து, டி ரயில் பிடித்து 161ஆவது தெருவில் இறங்க வேண்டும். இத்தனை பாடுபட்டு, இத்தனை செலவழித்துப் போய்விட்டு, 'போகலாம் தாத்தா' என்று குழந்தை சொன்னால் எந்தப் பெரியவருக்கு மனம் வரும்? இன்னும் ஒரு இன்னிங்ஸ், இன்னும் ஒரு இன்னிங்ஸ் என்று இழுத்துப் பிடித்து உட்காரவைப்போம். குழந்தை மனதில் கடைசியில் பதிவது ஆட்டம் அல்ல, நாம் பிடித்துவைத்த பிடி.

பிரிட்ஜ்வாட்டரில் அந்த நெருக்கடி இல்லை. டிக்கெட் விலை உறுத்தாது, வீடு பக்கம். அவள் போகலாம் என்றால் போய்விடலாம். ஆறாவது இன்னிங்ஸில் ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது எழுந்து வருவது எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் மறுபடி எப்போது போகலாம் என்று தானாகக் கேட்கிறது. இழுத்துக்கொண்டு போன குழந்தை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்திலிருந்து பார்ப்பதன் இன்னொரு லாபம் ஸ்கோர் அட்டை. அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. எண் தெரிந்த குழந்தைக்கு இது போதும். ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் பறக்க, இரண்டு பேர் அவுட்: 6-4-3 என்று பென்சிலை அழுத்தி எழுதுகிறாள். கடிகாரம் இறங்கும்போது 'பத்து, ஒன்பது, எட்டு' என்று தமிழில் எண்ணுவது அவளாகக் கண்டுபிடித்த விளையாட்டு. பாட்டிக்கு அதில்தான் ஏகப் பெருமை. ஸ்கோர் என்ன என்று பாட்டியைக் கேட்டால் தெரியாது.

சின்ன மைதானத்தில் எரிச்சலூட்டுவதும் உண்டு. இன்னிங்ஸ் இடைவெளிகளில் ஓட்டப்பந்தயம், நாய் வேடம் போட்டு வரும் அணிச் சின்னம் ஸ்பார்க்கி, ஒலிபெருக்கிக் கூச்சல். எனக்குத் தலைவலி, அவளுக்கு ஆட்டத்தில் பாதியே அதுதான். அதைவிடப் பெரிய குறை, மனதுக்குப் பிடித்த ஆட்டக்காரர் நிலைப்பதில்லை. மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ அணி இது. நன்றாக ஆடினால் அடுத்த படியான ஸ்க்ரான்டன் அணிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பக்கத்து வாட்சங்கில் வளர்ந்த ஆன்டனி வோல்பி 2022இல் இங்கே ஆடியவர். 2023 பருவத்தின் முதல் நாளிலேயே யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் ஆகிவிட்டார். இங்கே நேரில் பார்த்த முகம் என்றைக்காவது அப்படித் திரையில் வந்தால், அன்றைக்கு ரிமோட் என் கைக்கு வரும் என்று நம்புகிறேன்.

இதெல்லாம் ஒரே ஒரு பேத்தியை வைத்துச் சொல்வது. பத்து வயதுப் பையனாக இருந்தால் பெரிய மைதானம் முந்திக்கொள்ளலாம். குழந்தையே மட்டை பிடிக்கும் டீ-பால் இவை எல்லாவற்றையும் விட மேல் என்று சில தாத்தாக்கள் சொல்கிறார்கள். பேத்தி இன்னும் சேரவில்லை, அதனால் வாதாட மாட்டேன்.

பிரிட்ஜ்வாட்டர் போகிறவர்கள் வலைக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். மைதானம் சிறியது என்பதால், மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே பறக்கும் ஃபவுல் பந்து சீக்கிரம் வந்து சேரும். கையில் கையுறை இருந்தாலும் குழந்தையின் கண் ஐஸ்கிரீமில்தான் இருக்கும். பிராங்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் பகல் ஆட்டமாகப் பாருங்கள், நினைவுச் சின்னங்களை ஆட்டத்துக்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். இரவு ஆட்டம் முடிந்து நூவார்க் நடைமேடையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க என் முதுகு ஒத்துழைக்காது.